பெருமை எப்போது இனவாதமாகிறது? ஸ்டீவ் பீக்கோவின் வாழ்வு

தன் இனத்தின் மொழியையும் மரபையும் பற்றி ஒருவர் பொதுவெளியில் பெருமையோடு பேசினால் அது இனவாதமா? எமது மக்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. பேச்சாக, பாட்டாக, நினைவேந்தலாக எதை வெளிப்படுத்தினாலும் அந்தக் குற்றச்சாட்டு பின்னால் வந்து நிற்கும் என்று எண்ணியே வாழப் பழகியவர்கள் நாம். தென்னாபிரிக்காவில் இதே கேள்வி 1976ஆம் ஆண்டு ஒரு நீதிமன்றத்தின் முன் வந்தது. பிரிட்டோரியாவில் நடந்த அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகச் சாட்சியமளிக்க வந்தவர் 29 வயதான ஸ்டீவ் பீக்கோ. அடுத்த ஆண்டு அவர் உயிரோடு இல்லை. அந்தக் கேள்விக்கான விடையை அவரது முப்பது ஆண்டு வாழ்வில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பந்து ஸ்டீபன் பீக்கோ 1946 டிசெம்பர் 18ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் உள்ள டார்க்காஸ்டாட் என்ற சிறு நகரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாவது. தந்தை முன்னர் பொலிஸில் வேலை செய்தவர். பின்னர் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்துகொண்டு, தபால்வழியே சட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டீவுக்கு நான்கு வயதானபோது அவர் இறந்துபோனார். தாய் அலிஸ் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தும், பின்னர் வைத்தியசாலை ஒன்றில் சமையல் வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். கிங் வில்லியம்ஸ் டவுன் நகரத்தை ஒட்டி, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஜின்ஸ்பேர்க் குடியிருப்பில்தான் அந்தக் குடும்பம் வாழ்ந்தது.

ஸ்டீவ் பிறந்து இரண்டு ஆண்டுகள் கடப்பதற்குள், 1948இல், தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியை நாட்டின் சட்டமாக்கத் தொடங்கியது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் எந்த இனம் என்று பதிவு செய்யப்பட்டது. எங்கே வசிக்கலாம், எந்தப் பாடசாலையில் படிக்கலாம், யாரைத் திருமணம் செய்யலாம் என்பதையெல்லாம் அந்தப் பதிவே தீர்மானித்தது. வெள்ளையர் அல்லாத அனைவருக்கும் சட்டம் வைத்த பெயர், வெள்ளையரல்லாதோர் என்பதுதான். ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொந்தப் பெயர் கூட இருக்கவில்லை. எதுவாக அவர்கள் இல்லையோ அதைக் கொண்டே அவர்கள் அழைக்கப்பட்டார்கள்.

படிப்பில் கெட்டிக்காரனான ஸ்டீவை ஊர் மக்கள் பணம் சேர்த்து மேற்படிப்புக்கு அனுப்பினர். 1963இல் லவ்டேல் பாடசாலையில் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த அண்ணன் காயா, தடைசெய்யப்பட்ட அமைப்பு ஒன்றோடு தொடர்புடையவர் என்ற சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். 16 வயதான தம்பியையும் பொலிஸார் விசாரித்தனர். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேயே ஸ்டீவ் பாடசாலையில் இருந்து நீக்கப்பட்டார். அண்ணன் மீதான சந்தேகத்துக்குத் தம்பியின் படிப்பு பறிபோவது எப்படியிருக்கும் என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்னர் நேட்டாலில், மரியன்ஹில்லில் இருந்த கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பை முடித்து, 1966இல் டேர்பன் நகரில் நேட்டால் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் ஐரோப்பியரல்லாதோர் பிரிவுக்குத் தெரிவானார்.

அங்கே அவர் முதலில் இணைந்தது வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்திருந்த தேசிய மாணவர் ஒன்றியத்தில். அதன் தலைவர்களில் பெரும்பாலானோர் நிறவெறியை எதிர்த்த வெள்ளை மாணவர்கள். 1967இல் கிரஹாம்ஸ்டவுனில் உள்ள றோட்ஸ் பல்கலைக்கழகத்தில் அதன் மாநாடு நடந்தது. வெள்ளைப் பிரதிநிதிகள் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கினார்கள். ஆபிரிக்கப் பிரதிநிதிகளோ தொலைவில், கறுப்பினக் குடியிருப்பில் இருந்த தேவாலயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மாநாட்டை இடைநிறுத்த வேண்டும் என்று பீக்கோ பிரேரணை கொண்டுவந்தார். அது தோற்கடிக்கப்பட்டது. சமத்துவத்தை நம்புவதாகச் சொன்னவர்கள், அதற்காக ஒரு மாநாட்டைக்கூட நிறுத்தத் தயாராக இல்லை.

அந்த அனுபவம் அவரை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. கறுப்பரின் துன்பத்தைப் பற்றி வெள்ளையர் பேச, கறுப்பர் பக்கத்தில் அமர்ந்து தலையாட்டும் அரசியலால் பயனில்லை. 1969இல் டேர்ஃபுளூப்பில் தென்னாபிரிக்க மாணவர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பீக்கோ. கறுப்பின விழிப்புணர்வு இயக்கம் என்று உலகம் அறிந்த இயக்கத்தின் தொடக்கம் அதுதான்.

இந்த அமைப்பில் வெள்ளையர் உறுப்பினராக முடியாது. இனவாதம் என்ற குற்றச்சாட்டு முதலில் எழுந்தது இதனால்தான். நிறவெறி அரசு மட்டுமல்ல, நிறவெறியை எதிர்த்த தாராளவாத வெள்ளையரும் இதைத் தலைகீழ் இனவாதம் என்றனர். நிறத்தை வைத்து மனிதரைப் பிரிப்பது தவறென்றால், இவர்கள் செய்வதும் அதுதானே என்பது அவர்கள் வாதம். புறந்தள்ளிவிட முடியாத கேள்விதான் அது. பீக்கோவும் அதைப் புறந்தள்ளவில்லை. அவர் கேட்டது தனியான அமைப்பு. தனியான நாடோ தனியான சட்டமோ அல்ல. காலங்காலமாகத் தாழ்த்தப்பட்டவர், முதலில் தன் கால்களில் எழுந்து நின்ற பிறகே மற்றவரோடு சமமாகக் கைகோக்க முடியும் என்பது அவரது நிலைப்பாடு. அந்தக் கைகோப்பே வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

அதைவிட முக்கியமானது, கறுப்பர் என்ற சொல்லுக்கு அந்த இயக்கம் கொடுத்த பொருள். வெள்ளையரல்லாதோர் என்ற பெயரை அவர்கள் தூக்கியெறிந்தார்கள். சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒதுக்கப்பட்டு, விடுதலைக்கான போராட்டத்தில் தம்மை ஒன்றாக இனங்காணும் அனைவரும் கறுப்பர் என்று வரையறுத்தார்கள். அதன்படி ஆபிரிக்கர் மட்டுமல்ல, இந்திய வம்சாவளியினரும் கலப்பினத்தவரும் கறுப்பர்தான். மறுபுறம், தோல் கறுப்பாக இருந்தாலும் நிறவெறி அரசுக்குச் சேவகம் செய்பவரைக் கறுப்பர் என்று அவர்கள் ஏற்கவில்லை.

இந்த இடத்தில் தமிழரின் வரலாறும் தொடுகிறது. 1860ஆம் ஆண்டு நவம்பரில் மதராஸில் இருந்து டேர்பனுக்கு வந்து சேர்ந்த கப்பலோடு, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவரப்படுவது தொடங்கியது. அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். மலையகத் தமிழரின் மூதாதையர் இலங்கையின் தோட்டங்களுக்கு வந்ததும் அதே நூற்றாண்டில்தான். அந்த நேட்டாலில் வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர்களான சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்றோர் பீக்கோவின் நெருங்கிய தோழர்களாகவும் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களாகவும் இருந்தார்கள். இந்தியரையும் ஆபிரிக்கரையும் தனித்தனியே பிரித்து வைத்திருப்பதே அரசுக்கு வசதியாக இருந்தது. கறுப்பர் என்ற பெருமை அந்தப் பிரிவினைக்கு எதிராக நின்றது.

பீக்கோவின் பெருமை மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 1972இல், படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்ற காரணத்தோடு மருத்துவபீடத்தில் இருந்து வெளியேற்றப்பட்டார். அதன்பின் கறுப்பின சமூகத் திட்டங்கள் என்ற அமைப்பில் முழுநேரமாகப் பணியாற்றினார். 1973 மார்ச்சில், பீக்கோ உட்பட இயக்கத்தின் எட்டுத் தலைவர்கள் மீது அரசு தடையுத்தரவு பிறப்பித்தது. அவர் கிங் வில்லியம்ஸ் டவுன் மாவட்டத்தை விட்டு வெளியேற முடியாது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரோடு பேச முடியாது. அவர் சொன்னதையோ எழுதியதையோ எந்தப் பத்திரிகையும் வெளியிட முடியாது.

ஊரோடு முடக்கப்பட்டவர் ஊரிலேயே வேலையைத் தொடங்கினார். 1975இல் சின்யோகா கிராமத்தில் சானெம்பிலோ என்ற சுகாதார நிலையம் உருவானது. இளம் வைத்தியரான மம்ஃபேலா றம்ஃபேலே அதை நடத்தினார். கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் கிடைக்கக் கைத்தொழில் நிலையங்கள் அமைக்கப்பட்டன. பிள்ளைகளின் படிப்புக்கு நிதியம் தொடங்கப்பட்டது. சிறையில் இருந்து திரும்பிய அரசியல் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் மீண்டும் வாழ்வைத் தொடங்க உதவுவதற்காகச் சிமேலே நிதியம் அமைக்கப்பட்டது. சிறை மீண்டவரை வேலைக்கு எடுக்கவும் அவரோடு பழகவும் அயலவர் அஞ்சும் சூழலில் அத்தகைய நிதியம் ஒன்றின் பெறுமதி எமக்குத் தெரியும். அதன் நிர்வாகியாக இருந்த மபெட்லா மொஹாபி 1976 ஓகஸ்டில் பொலிஸ் காவலில் இறந்தார். அவர் தூக்கிட்டுக்கொண்டார் என்று பொலிஸார் சொன்னார்கள். அவரை அறிந்தவர்கள் நம்பவில்லை.

பீக்கோவை இனவாதி என்று எழுதியவர்களில் ஒருவர் டொனால்ட் வூட்ஸ். ஈஸ்ட் லண்டன் நகரில் இருந்து வெளிவந்த டெய்லி டிஸ்பாச் நாளிதழின் வெள்ளை ஆசிரியர். நிறவெறியை எதிர்த்தவர், ஆனால் கறுப்பின விழிப்புணர்வையும் அதன் மறுபக்கமென்றே கருதித் தாக்கி எழுதினார். ஒருநாள் றம்ஃபேலே அவரது அலுவலகத்துக்கே சென்று, தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுவதை விட நேரில் வந்து சந்திக்குமாறு கேட்டார். வூட்ஸ் போனார். பேசினார். மீண்டும் மீண்டும் போனார். பீக்கோவிடம் அவர் கண்டது வெள்ளையர் மீதான வெறுப்பை அல்ல. வெள்ளையரிடம் அனுமதி கேட்காத ஒரு நிமிர்வை. அந்த நிமிர்வையே தான் வெறுப்பென்று தவறாக வாசித்ததை அவர் உணர்ந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

இதற்கிடையில் 1974 செப்டெம்பரில், மொசாம்பிக்கின் விடுதலையை வரவேற்று டேர்பனில் நடத்தப்பட்ட கூட்டத்தை அடுத்து இயக்கத்தினர் பலர் கைதாகினர். கூப்பர், மூட்லி உட்பட ஒன்பது பேர் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் குண்டு வைத்ததாகவோ எவரையும் சுட்டதாகவோ குற்றச்சாட்டு இல்லை. அவர்களது பேச்சுகளும் கவிதைகளும் நாடகங்களும் துண்டுப்பிரசுரங்களும் இனப்பகையைத் தூண்டின என்பதே வழக்கின் மையம். இந்தச் சட்டத்தை எமது வாசகர்கள் முற்றிலும் அந்நியமாக உணரமாட்டார்கள். 1979இல் இலங்கையில் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சர்வதேச சட்டவியலாளர்கள், அதைத் தென்னாபிரிக்காவின் இந்தச் சட்டத்தோடுதான் ஒப்பிட்டார்கள்.

1976 மே மாதம் பீக்கோ சாட்சியமளித்தார். மூன்று ஆண்டுகளாக எங்கும் பேசத் தடைவிதிக்கப்பட்டிருந்தவருக்கு நீதிமன்றம் பொதுமேடையானது. கறுப்பு அழகானது என்று ஏன் சொல்கிறீர்கள் என்பதற்கு அவர் பொறுமையாக விளக்கம் கொடுத்தார். தன் தோலை வெளுக்கச் செய்யும் களிம்பு பூசும் பெண்ணும், வெள்ளைப் பிள்ளையின் பாடசாலையைப் பார்த்துத் தன்னைத்தானே குறைவாக எண்ணும் சிறுவனும் வெளியே இருக்கும் சட்டத்தால் மட்டும் ஒடுக்கப்படவில்லை, உள்ளேயும் ஒடுக்கப்படுகிறார்கள். கறுப்பு அழகானது என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவது. வெள்ளை அழகற்றது என்பது அதன் பொருளல்ல. உங்கள் நிறம் பழுப்புத்தானே, பிறகேன் கறுப்பர் என்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். வெள்ளையர் என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்மையில் இளஞ்சிவப்பாகத்தானே இருக்கிறார்கள் என்ற பொருளில் பீக்கோ பதிலளித்தார். இறுதியில் எப்படிப்பட்ட நாட்டை விரும்புகிறீர்கள் என்பதற்கும் அவரிடம் தெளிவான விடை இருந்தது: ஒருவருக்கு ஒரு வாக்கு, நிறம் பாராத சட்டம், வெள்ளையரும் வாழும் நாடு.

அவரது சாட்சியத்தால் தோழர்கள் விடுதலையாகவில்லை. அந்த ஆண்டு டிசெம்பரில் ஒன்பது பேருக்கும் ஐந்து, ஆறு ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. றொபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்களை இனவாதிகள் என்றவர்களின் வரலாற்றையும் இங்கே பார்க்க வேண்டும். ஆபிரிக்கானர் எனப்படும் டச்சு வழிவந்த வெள்ளையரும் ஒருகாலத்தில் நொறுக்கப்பட்ட மக்களே. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிரித்தானியர் அவர்களது பண்ணைகளை எரித்து, குடும்பங்களை முகாம்களில் அடைத்தனர். 26,000க்கும் அதிகமான பெண்களும் சிறுவர்களும் அங்கே நோயாலும் பட்டினியாலும் இறந்தார்கள். போருக்குப் பின் அவர்களது மொழி பாடசாலைகளில் ஓரங்கட்டப்பட்டது. அந்தக் காயத்தில் இருந்துதான் அவர்களது இனப்பெருமை வளர்ந்தது. அதை யார் குறை சொல்ல முடியும்? இறந்தோருக்காக 1913இல் புளூம்பொன்டெய்னில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆனால் அதே போரில் வேறு முகாம்களில் 14,000க்கும் அதிகமான கறுப்பின மக்களும் இறந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த நினைவில் இடமிருக்கவில்லை.

அங்கேதான் அந்தப் பெருமை வழிதவறத் தொடங்கியது. எங்கள் துயரம் மட்டுமே துயரம் என்றானது. பிறகு, எங்களைக் காத்துக்கொள்ள மற்றவரை அடக்கியே ஆகவேண்டும் என்றானது. 1948இல் ஆட்சி கைக்கு வந்ததும் அதுவே சட்டமானது. பீக்கோ சாட்சியமளித்த அடுத்த மாதம், 1976 ஜூன் 16ஆம் திகதி, ஆபிரிக்கான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துச் சொவேட்டோவில் பாடசாலை மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸார் சுட்டார்கள். தம் மொழி ஒடுக்கப்பட்டதை மறக்காத ஒரு மக்களின் அரசு, அதே மொழியை இன்னொரு மக்களின் பிள்ளைகள் மீது துப்பாக்கி முனையில் திணித்தது.

இன்னொரு முரணும் உண்டு. நிறவெறி அரசு எல்லா இனப்பெருமையையும் வெறுக்கவில்லை. நீ ஷோசா, நீ ஸூலு, உனக்கென்று தனி மரபு, தனித் தலைவர், தனித் தாயகம் என்று சொல்லி அதை ஊக்குவித்தது. தாயகம் என்பது எமக்கு நிலத்தையும் உரிமையையும் குறிக்கும் சொல். அங்கே அது, கறுப்பரை வறண்ட நிலத்துண்டுகளுக்குள் ஒதுக்கி, நாட்டின் குடியுரிமையைப் பறிப்பதற்கான பெயராக இருந்தது. 1976 ஒக்டோபரில் டிரான்ஸ்கை அப்படித்தான் சுதந்திர நாடாக அறிவிக்கப்பட்டது. ஷோசா இனத்தவரான பீக்கோ அதை முழுமையாக எதிர்த்தார். ஆகவே அரசுக்குப் பிரச்சினையாக இருந்தது பெருமை அல்ல. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்து உரிமை கேட்க வைத்த பெருமைதான்.

1976இல் பீக்கோ 101 நாட்கள் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1977 ஓகஸ்ட் 18ஆம் திகதி, கேப் டவுனில் இருந்து தோழர் பீட்டர் ஜோன்ஸோடு காரில் திரும்பும்போது கிரஹாம்ஸ்டவுன் அருகே வீதித்தடையில் பிடிபட்டார். போர்ட் எலிசபெத் நகரில் நிர்வாணமாக, விலங்கிடப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டார். செப்டெம்பர் 6ஆம் திகதி விசாரணை அறையில் அவரது மூளை படுகாயமடைந்தது. பார்வையிட்ட அரச வைத்தியர்கள் பாரதூரமாக எதுவுமில்லை என்று பதிந்தார்கள். 11ஆம் திகதி, வாகனமொன்றின் பின்புறத்தில் நிர்வாணமாகக் கிடத்தி, ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள பிரிட்டோரியா சிறைக்குக் கொண்டுசென்றார்கள். மறுநாள், செப்டெம்பர் 12, அங்கே தனிமையில் அவர் உயிர் பிரிந்தது. மனைவி ந்ட்சிகியும் சிறு பிள்ளைகளும் ஜின்ஸ்பேர்க்கில் இருந்தார்கள்.

உண்ணாவிரதம் இருந்து இறந்தார் என்று அரசு சொன்னது. உடலைப் பார்த்தவர்கள் நம்பவில்லை. உண்மையை வெளிக்கொணரப் போராடிய வூட்ஸ் மீதும் தடையுத்தரவு விழுந்தது. அவர் நாட்டை விட்டுத் தப்பிச்சென்று நண்பரின் வாழ்வை நூலாக எழுதினார். மரண விசாரணையில் குடும்பத்தின் சார்பில் சட்டத்தரணி சிட்னி கென்ட்ரிட்ஜ் பொலிஸாரின் பொய்களை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தினார். ஆயினும் எவரும் பொறுப்பாளியல்ல என்றே தீர்ப்பு வந்தது. ஆட்சி மாறிய பின், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முன் ஐந்து பொலிஸ் அதிகாரிகள் பொதுமன்னிப்புக் கோரினார்கள். 1999இல் அது மறுக்கப்பட்டது. ஆனால் வழக்கும் தொடரப்படவில்லை. 2025 செப்டெம்பரில்தான், 48 ஆண்டுகளுக்குப் பிறகு, மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. நீதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஒரு நாட்டில் மட்டும் இல்லை.

பெருமை இனவாதமா என்ற கேள்விக்கு, ஒரே நாட்டில் வளர்ந்த இரண்டு பெருமைகளை இந்த வரலாறு பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. இரண்டும் காயத்தில் இருந்து பிறந்தவை. ஒன்று தன் இறந்தோரை மட்டுமே எண்ணியது. அதிகாரம் கிடைத்ததும் மற்றவரின் மொழியையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. மற்றையது, தன்னைத் தாழ்வாக எண்ணப் பழகியவரை நிமிர்த்தியது. அயலில் ஒடுக்கப்பட்ட மற்றவரையும் தன் பெயருக்குள் அழைத்தது. எவரிடமிருந்தும் எதையும் பறிக்கக் கேட்கவில்லை. இரண்டாவதைத்தான் அரசு இனவாதம் என்று அழைத்தது.

எனவே எமது பண்பாட்டையும் எமது இறந்தோரையும் பற்றிப் பேசும்போது யாராவது இனவாதி என்றால், தலைகுனிய வேண்டியதில்லை. அதேவேளை, காயப்பட்டவர்கள் என்பதால் எமது பெருமை தானாகவே தூய்மையாகிவிடும் என்றும் எண்ண முடியாது. ஆபிரிக்கானரும் காயப்பட்டவர்களே. எமது பெருமைக்குள் மலையகத்தவருக்கு இடமுண்டா, முஸ்லிம் அயலவரின் இழப்புக்கு இடமுண்டா, சாதியால் ஒதுக்கப்பட்டவருக்குச் சமமான இடமுண்டா என்ற கேள்விகளை எதிராளி கேட்பதற்கு முன் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜின்ஸ்பேர்க்கில் இன்று பீக்கோவின் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தம் மரபைக் கற்கிறார்கள். அதைப் பெருமையென்று சொல்ல அவர்கள் இப்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.